பொருத்தத்தின் வரலாறு: மும்பை டாக்சியும் அதன் மூச்சுக்குழலும்

சிலிண்டரின் விட்டம் 68 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தொலைவு 75 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 1,089 கன சென்டிமீட்டர். டூரின் நகரத்து ஃபியட் நிறுவனம் 1937இல் வெளியிட்ட 508 சி காரின் என்ஜின் அளவுகள் இவை. அக்காரை வடிவமைத்தவர் தாந்தே ஜகோசா. இதே அளவுகள் கொண்ட என்ஜினோடுதான் பம்பாயின் பெட்ரோல் பத்மினி கார்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலம்வரை ஆலையிலிருந்து வெளிவந்தன. மும்பையில் கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று பதிவாயிற்று. இருபது ஆண்டு வயது வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் இறுதியில் அது சாலையைவிட்டு விலகியது.

இந்த நீண்ட ஆயுளை இருவிதமாகச் சொல்வது வழக்கம். பொருளாதார வரலாறு எழுதுவோர்க்கு அது உரிம ஆட்சிக் காலத் தேக்கத்தின் சான்று. போட்டியில்லாச் சந்தையில் பழைய வடிவமே திரும்பத் திரும்ப விற்கப்பட்டது என்பர். நகர நினைவுகளை எழுதுவோர்க்கு அது கறுப்பும் மஞ்சளுமான ஓர் ஏக்கம். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டுமே காரை மாறாத ஒரு பொருளாகக் கொள்கின்றன. மாறாதிருந்தவை என்ஜின் கட்டையின் அளவுகள் மட்டுமே. அதற்குள் காற்றும் எரிபொருளும் சென்ற வழி, அந்த வழியில் சென்ற எரிபொருளின் தன்மை, அவ்விரண்டையும் பொருத்தி ஓடவைத்தவர்கள் பெற்றிருந்த அறிவு ஆகிய மூன்றும் மாறிக்கொண்டே இருந்தன. அந்த வழியின் நடுவே இருக்கும் உறுப்புக்கு இன்டேக் மேனிஃபோல்டு என்று பெயர். மும்பை டாக்சியின் வரலாற்றை அதன் வழியே படித்தால் வேறொரு கதை புலப்படுகிறது.

கார்புரேட்டர் காற்றில் பெட்ரோலைத் தெளிக்கிறது. அந்தக் கலவையைச் சிலிண்டர்களுக்குப் பங்கிட்டுக் கொண்டுசெல்லும் கிளைக்குழலே மேனிஃபோல்டு. தோற்றத்தில் அது ஒரு வார்ப்புக் குழாய். அசையும் பாகம் எதுவும் அதில் இல்லை. அதனால் அது எளிய உறுப்பு என்று தோன்றும். உண்மையில், தனக்கென ஒரு சரியான அளவு இல்லாத உறுப்பு அது. குழலின் உள்விட்டம் குறுகினால் காற்று விரைந்து ஓடும். பெட்ரோல் துளிகள் காற்றிலேயே மிதந்து செல்லும். குறைந்த வேகத்திலும் என்ஜின் தடுமாறாமல் இழுக்கும். ஆனால் வேகம் கூடும்போது அதே குழல் மூச்சை நெரிக்கும். உள்விட்டம் அகன்றால் உச்ச வேகத்தில் தாராளமாகக் காற்று கிடைக்கும். நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதோ காற்று மந்தமாகி, துளிகள் குழலின் சுவரில் படிந்து ஒழுகும். அப்போது ஒரு சிலிண்டருக்கு எரிபொருள் மிகையாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போய்ச் சேரும். நான்கு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்கும் மெக்கானிக், ஒன்று கரியாகவும் ஒன்று வெளுத்தும் இருப்பதைக் கண்டு இந்தப் பங்கீட்டுக் குறையை அறிந்துகொள்வார்.

ஆகவே மேனிஃபோல்டின் அளவைப் பிற உறுப்புகளே தீர்மானிக்கின்றன. கார்புரேட்டரின் கழுத்து எவ்வளவு குறுகியது, அதன் ஜெட்டின் துளை எவ்வளவு, வால்வுகள் எப்போது திறந்து எப்போது மூடுமாறு கேம்ஷாஃப்ட் செதுக்கப்பட்டிருக்கிறது, சிலிண்டர் ஹெட்டின் துளைவாய் எந்த அளவினது, எரிந்த புகை வெளியேறும் குழாய் எவ்வளவு தடையின்றிச் செல்கிறது என்பவை எல்லாம் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் மேம்படுத்தினால் பெரும்பாலும் பயன் இல்லை. பெரிய கார்புரேட்டரைப் பழைய குழலின் மேல் ஏற்றினால் உச்சத்தில் கிடைக்கும் ஆதாயம் சிறிது. அடிநிலையில் நேரும் இழப்பு பெரிது.

இதற்குச் சான்று அதே 1,089 கன சென்டிமீட்டர் என்ஜினின் ஐரோப்பிய வரலாற்றிலேயே உண்டு. 1937இல் அது தந்த திறன் 32 குதிரைத்திறன். 1946இல் சிசிதாலியா நிறுவனத்தின் டி46 என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் அதே என்ஜினை அடிப்படையாகக் கொண்டு ஏறத்தாழ 60 குதிரைத்திறன் பெற்றது. அமுக்க விகிதம் உயர்ந்தது. எண்ணெய் ஓட்ட முறை மாறியது. காற்று உட்புகும் வழியும் புகை வெளியேறும் வழியும் அதற்கேற்ப மாற்றப்பட்டன. சிசிதாலியாவின் பந்தயப் பிரிவோடு தொடர்புடைய கார்லோ அபார்த் 1949இல் தம் பெயரில் தொடங்கிய நிறுவனம், தொடக்க காலத்தில் விற்ற பொருள்களில் ஃபியட் கார்களுக்கான சைலன்சர்களும் மேனிஃபோல்டுகளும் இருந்தன. பம்பாயின் பத்மினி தந்ததோ ஏறத்தாழ 40 குதிரைத்திறன். அளவில் ஒன்றான மூன்று என்ஜின்கள் மூன்று வெவ்வேறு வாழ்க்கைகளுக்குப் பொருத்தப்பட்டன. டாக்சிக்கு வேண்டியது உச்ச வேகமன்று. சிக்னலில் நின்று, ஐந்து பேரைச் சுமந்து, மலபார் குன்றின் சரிவை ஏறி, நாள் முடிவில் எரிபொருள் செலவு போகக் கையில் கூலி மிஞ்சச் செய்வதே அதற்கு இடப்பட்ட பணி. அந்தப் பணியை வைத்துப் பார்த்தால் 40 என்பது பின்தங்கிய எண் ஆகாது.

இந்த என்ஜின் பம்பாய்க்கு வந்த வழியும் பொருத்தம் பற்றிய கதையே. வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், தாராவிக்கும் செம்பூருக்கும் அண்டையிலுள்ள குர்லாவில் ஆலை நிறுவி, முதலில் அமெரிக்க கிரைஸ்லர் நிறுவனத்தின் வாகனங்களை ஒருங்கிணைத்தது. 1953இல் இந்தியச் சுங்கவரி ஆணையம் அளித்த அறிக்கை, உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கே எதிர்காலம் உண்டு என்ற நிலையை உருவாக்கியது. 1928 முதல் பம்பாயில் கார்களை ஒருங்கிணைத்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் வெளியேறிற்று. பிரீமியர் ஃபியட் 1100ஐத் தேர்ந்துகொண்டது. 1970களின் முற்பகுதியில் ஃபியட் பெயர் நீங்கி, பிரீமியர் பிரசிடென்ட் என்றும், 1974 முதல் பிரீமியர் பத்மினி என்றும் அக்கார் வழங்கிற்று. ஓட்டுநர்களும் பயணிகளும் இறுதிவரை அதனை ஃபியட் என்றே அழைத்தனர்.

உள்நாட்டு உற்பத்தி என்ற கொள்கை ஒரு காரை மட்டும் உருவாக்கவில்லை. அந்தக் காரின் உறுப்புகளுக்கான ஒரு சந்தையையும் உருவாக்கிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வடிவம் சாலையில் இருந்ததால், அதன் ஒவ்வோர் உறுப்பையும் யாரோ ஒருவர் எங்கோ வார்க்கவும் கடையவும் முடிந்தது. குர்லாவின் சி.எஸ்.டி. சாலையிலும் சோர் பஜாரிலும் பழைய உறுப்புகள் கைமாறின. இந்தச் சந்தையில் ஒவ்வொரு பொருளும் இரண்டு சொற்களுள் ஒன்றைச் சுமந்து வந்தது: ‘ஒரிஜினல்’ அல்லது ‘டூப்ளிகேட்’.

இரண்டாவது சொல்லைக் கேட்டதும் மும்பைவாசிகளின் நினைவில் எழும் ஊர் உல்லாஸ்நகர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கல்யாண் அருகே அமைந்த ராணுவ முகாம், பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளின் குடியிருப்பாயிற்று. 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரல் இராஜகோபாலாச்சாரி அடிக்கல் நாட்ட, உல்லாஸ் ஆற்றின் பெயரால் அது நகரமாயிற்று. நிலமும் முதலும் இழந்து வந்தவர்கள் சிறு பட்டறைகளில் எதையும் செய்து விற்கத் தொடங்கினர். ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’ என்பதற்கு ‘உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்’ என்று விரிவு கூறும் நகைச்சுவை பம்பாய் முழுதும் பரவிற்று. உல்லாஸ்நகரை ஒட்டிய கல்யாண் பகுதியிலேயே பிரீமியரின் ஆலை ஒன்றும் இருந்தது. 1990களின் நடுவில் பிரெஞ்சு பெஷோ நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 309 கார் உற்பத்தியானது அங்குதான். முறையான உரிமம் பெற்று அயல்நாட்டு வடிவத்தைச் செய்த ஆலையும், உரிமமின்றி எதையும் செய்யும் என்று பெயரெடுத்த நகரமும் அருகருகே இருந்தன. ஒன்றன் செயலுக்குத் தொழில்நுட்ப ஒத்துழைப்பு என்று பெயர். மற்றதன் செயலுக்குப் போலி என்று பெயர்.

மேனிஃபோல்டு இந்தப் பாகுபாட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. மேனிஃபோல்டுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே வைக்கும் கேஸ்கட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் துளை ஒரு மில்லிமீட்டர் விலகி வெட்டப்பட்டிருந்தால், கலவை ஓடும் வழியில் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டம் கலைந்து, பெட்ரோல் அங்கே துளியாகத் திரளும். மேற்பரப்பு சற்றே வளைந்திருந்தால் வெளிக்காற்று உட்புகும். கலவை மெலிந்து, நின்ற நிலையில் என்ஜின் நடுங்கும். இந்தக் குறைகள் நகலில் நேர்வதற்கு வாய்ப்பு மிகுதி என்பது உண்மையே. ஆனால் இருபது ஆண்டு வெப்பத்தில் வளைந்துபோன பழைய ஹெட்டின் மேல் புத்தம்புதிய அசல் உறுப்பைப் பூட்டினாலும் இதே குறைதான் நேரும். அப்போது அசலின் முகப்பை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தி உட்காரவைக்க வேண்டியிருக்கும். காற்று, உறுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. வழி சீராக இருக்கிறதா என்பதற்கே அது கட்டுப்படுகிறது. இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றில் அசலா நகலா என்ற கேள்வி பெற்ற இடத்தை, பொருந்துகிறதா என்ற கேள்வி பெறவில்லை. பட்டறைகளில் அன்றாடம் கேட்கப்பட்டதோ இரண்டாவது கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு மிகக் கடுமையான சோதனை எரிவாயுவின் வருகையோடு நேர்ந்தது. 1974இல் பம்பாய்க் கடற்பரப்பில் எண்ணெய்வளம் கண்டறியப்பட்டதும் அதனோடு எரிவாயுவும் கரைக்கு வந்தது. 1995இல் மகாநகர் கேஸ் நிறுவனம் தொடங்கியது. ‘ஸ்மோக் அஃபெக்டட் ரெசிடென்ட்ஸ் ஃபோரம்’ என்ற குடிமக்கள் அமைப்பு மும்பை உயர்நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், 1999 டிசம்பரில் வி. எம். லால் தலைமையில் குழு அமைந்தது. அக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து வந்த ஆணைகளால் பழைய டாக்சிகள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டியதாயிற்று. புதிய கார் வாங்க வழியற்றவர்கள் பத்மினியையே சி.என்.ஜி.க்கு மாற்றினர். 1937இன் பெட்ரோல் என்ஜின், அதன் வடிவமைப்பாளர் எண்ணியிராத எரிபொருளை உட்கொள்ளத் தொடங்கிற்று.

மாற்றம் எளிதாகவே தோன்றியது. பின்புறச் சரக்கறையில் 200 பார் அழுத்தத்தில் வாயு நிரப்பிய உருளை. அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசர். கார்புரேட்டரின் வாயிலில் மிக்சர் என்னும் வளையம். வளையத்தின் குறுகிய கழுத்தில் காற்று விரையும்போது அழுத்தம் தாழ்ந்து, வாயு தானே உறிஞ்சப்படும். கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் கழற்றப்படவில்லை. வேண்டும்போது பெட்ரோலிலும் ஓட வேண்டுமல்லவா?

இங்கேதான் கணக்கு தொடங்குகிறது. முழுமையாக எரிவதற்கு ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ மீத்தேனுக்கு ஏறத்தாழ 17.2 கிலோ. எடையில் இது சிறு வேறுபாடுதான். கன அளவில் நிலை வேறு. பெட்ரோல் ஆவி கலவையில் ஏறத்தாழ 2 விழுக்காட்டு இடத்தையே அடைக்கிறது. மீத்தேன் ஒன்பதரை விழுக்காட்டை அடைக்கிறது. அவ்வளவுக்குக் காற்றின் இடம் பறிபோகிறது. இதற்குமேல் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று அடர்ந்தது. வாயுவுக்கு அந்தப் பண்பு இல்லை. பெட்ரோல் துளிகள் ஆவியாகட்டும் என்பதற்காகவே இவ்வகை என்ஜின்களில் மேனிஃபோல்டின் அடிப்புறத்தைப் புகைக்குழாயின் வெப்பம் படுமாறு அமைப்பது மரபு. எரிவாயுவுக்கு அந்த வெப்பம் வேண்டாத சுமை. கலவையின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும். ஒரு காலத்தில் நுட்பமாகப் பொருந்திய உறுப்பு, தான் மாறாமலேயே பொருந்தாததாயிற்று.

மிக்சரின் கழுத்து அளவும் இதே நியதிக்கு உட்பட்டது. 1,089 கன சென்டிமீட்டர் என்ஜின் நிமிடத்திற்கு 4,800 சுற்றில், இழப்பே இல்லை என்று கொண்டால், ஏறத்தாழ 2,600 லிட்டர் காற்றை இழுக்கும். 1,489 கன சென்டிமீட்டர் கொண்ட அம்பாசடர் அதே சுற்றில் ஏறத்தாழ 3,570 லிட்டர் இழுக்கும். ஒன்றுக்குச் செய்த வளையம் மற்றதற்கு ஆகாது. கழுத்து அகன்றால் மெதுவோட்டத்தில் உறிஞ்சும் விசை போதாமல் வாயு வராது. குறுகினால் பெட்ரோலில் ஓடும்போதும் மூச்சு முட்டும். மீத்தேன் பெட்ரோலைவிட மெதுவாக எரிவதால் தீப்பொறியின் நேரத்தைச் சற்று முன்னே தள்ள வேண்டும். அவ்வாறு தள்ளிய நேரம் பெட்ரோலுக்குத் தட்டல் ஓசையை வரவழைக்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையைத் தேடித் திருகாணியைத் திருப்புவதே மெக்கானிக்கின் வேலையாயிற்று. வாயுவுக்குத் தட்டலைத் தாங்கும் ஆற்றல் மிகுதி. அமுக்க விகிதத்தை உயர்த்தினால் இழந்த திறனில் ஒரு பங்கை மீட்கலாம். ஆனால் பெட்ரோலையும் கைவிடாத பழைய டாக்சியில் அதற்கு வழியில்லை. ஆகவே இழப்பு இழப்பாகவே நின்றது. எரிபொருள் மலிவானதால் ஓட்டுநர் அதனை ஏற்றுக்கொண்டார். நகரத்தின் காற்றைத் தூய்மையாக்கிய செலவில் ஒரு பகுதி, ஏற்றத்தில் திணறிய அந்தச் சில குதிரைத்திறன்களாகச் செலுத்தப்பட்டது.

அரசு இந்தப் பொருத்தத்தை எவ்வாறு அளந்தது என்பதும் கருதத்தக்கது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பெட்ரோல் கார்களுக்கு வகுத்த வரம்பு, நின்ற நிலையில் என்ஜின் ஓடும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது. கார்புரேட்டரிலோ நின்ற நிலைக்கென்று தனிச் சிறு வழியும், ஓடும்போது திறக்கும் முதன்மை ஜெட்டும் வெவ்வேறாக உள்ளன. சோதனை சிறு வழியை மட்டுமே பார்த்தது. ஒரு திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பிச் சான்றிதழ் பெறலாம். சாலையில் ஓடும்போது வெளியேறும் புகையைப் பற்றி அந்தச் சான்றிதழ் எதுவும் சொல்லாது. பட்டறையின் அறிவைப் போற்றுவோர் இதனை மறந்துவிடலாகாது. காதால் கேட்டுப் பொருத்தும் முறைக்கு என்ஜின் சீராக ஓடுகிறதா என்பது தெரியும். கண்ணுக்குத் தெரியாத வாயுவின் அளவு தெரியாது. அரசின் கருவிக்கு வாயுவின் அளவு தெரியும். அது எந்த நிலையில் உண்டாகிறது என்பது தெரியாது. இரண்டு அறிவும் சந்திக்கவில்லை. அதன் விலையை நகரத்தின் நுரையீரல் கொடுத்தது.

மொழி நோக்கில் ஒரு செய்தி இங்கே கவனத்திற்குரியது. பட்டறைகளில் வழங்கும் உறுப்புப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. அவை உறுப்பை மட்டும் சுட்டுகின்றன. அவற்றோடு ‘பிக்கப்’, ‘மிஸ்ஸிங்’, ‘ஸ்லோ’, தமிழ்நாட்டின் ‘மைலேஜ்’, மும்பையின் ‘ஆவரேஜ்’ என்று இன்னொரு சொற்குழுவும் உண்டு. இவை எந்த உறுப்பின் பெயரும் அல்ல. ‘பிக்கப் இல்லை’ என்று ஓட்டுநர் சொல்லும்போது குறை ஜெட்டில் இருக்கலாம், கேஸ்கட்டில் இருக்கலாம், தீப்பொறி நேரத்தில் இருக்கலாம். உறுப்புகள் தமக்குள் ஒத்துப்போகும் உறவுக்கும் அந்த உறவு முறிந்த நிலைக்கும் இச்சொற்கள் பெயராகின்றன. தாராவியின் தமிழ் ஓட்டுநர் ஒருவர் உத்தரப்பிரதேசத்து மெக்கானிக்கிடம் தம் காரின் நிலையை மூன்று சொற்களில் விளக்கிவிட முடிந்ததென்றால், அதற்கு இந்தப் பொதுச் சொற்குழுவே காரணம். கலைச்சொல் அகராதிகள் உறுப்புப் பெயர்களுக்கு நிகரான தமிழ்ச் சொற்களை உழைத்துத் தேடின. இந்த உறவுச் சொற்களை அவை பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. நடைமுறை அறிவு படிந்து கிடப்பது இவற்றில்தான்.

2000ஆம் ஆண்டில் நாடு முழுதும் யூரோ 1க்கு இணையான புகைவிதி நடைமுறைக்கு வந்தது. அடுத்தடுத்த விதிகளோடு புதிய கார்களில் கார்புரேட்டர் மறைந்து, எரிபொருளைச் சிலிண்டரின் வாயிலிலேயே பீச்சும் முறை நிலைபெற்றது. மேனிஃபோல்டு இப்போது பெரும்பாலும் காற்றை மட்டுமே சுமக்கிறது. துளிகள் படியும் கவலை அதற்கு இல்லை. பொருத்தும் வேலை மறையவில்லை, இடம் மாறிற்று. ஆலையில் ஒருமுறை அளந்து எழுதிய எண்களின் அட்டவணையாக அது கணினிக்குள் புகுந்துகொண்டது. புகை குறைந்தது, இது ஐயமற்ற நன்மை. அதே வேளையில், அந்த எண்களைப் படிக்கவும் திருத்தவும் உரிமை உடையவர் யார் என்ற கேள்வியும் பட்டறையின் கையைவிட்டுப் போயிற்று.

தொழில்நுட்ப வரலாற்றை ஆராய்வோர் உரிமங்களையும் ஆலைக் கணக்குகளையும் நீதிமன்ற ஆணைகளையும் படிக்கின்றனர். அவை பாதுகாக்கப்பட்ட ஆவணங்கள். அரத்தால் தேய்த்த மேனிஃபோல்டின் முகப்பு, கையால் வெட்டிய கேஸ்கட், அளவு கூட்டிய ஜெட்டின் துளை ஆகியவையும் ஆவணங்களே. அவை பழைய இரும்பின் எடைக்கு விற்கப்படுகின்றன. பத்மினி டாக்சிகள் வெளியேறிவிட்டன. அவற்றைப் பொருத்திய தலைமுறையினர் குர்லாவிலும் தாராவியிலும் இன்றும் இருக்கின்றனர். அவர்களுடைய சொற்களையும் அவர்கள் கைபட்ட உறுப்புகளையும் ஒருங்கே பதிவு செய்வதற்கான காலம் நீண்டதன்று.